பம்பரத்தின் பங்கு

என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்வது ஒன்றுதான். தெருவில் பந்து உருண்டு வந்தால் பிரேக்கை மிதியுங்கள், பின்னாலேயே ஒரு குழந்தை ஓடிவரும். பந்தைப் பார்த்து ஹாரன் அடிக்கிறவர்களுக்கு என்னிடம் அர்ச்சனை நிச்சயம். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதைவிட என் வாய்தான் அதிக விபத்துகளைத் தடுத்திருக்கிறது என்று நானே பெருமையடித்துக்கொள்வேன்.

ஊருக்கெல்லாம் இப்படி உபதேசம் செய்கிறவள் பெற்ற பெண், பந்தே இல்லாமல் தெருவுக்குள் பாய்கிறவள்.

வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். ஒன்பது வயது. ஒரு வாய் சாப்பிடுவதற்குள் நாற்காலியைச் சுற்றி இரண்டு சுற்று வந்துவிடுவாள். இடது கால் செருப்பைப் போட்டுக்கொண்டு வலது கால் செருப்பை மறந்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புவாள். இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது. போன வருடம் ஒரு நாள் பள்ளி விடும் நேரத்தில் எதிர்ப்பக்கம் நாய்க்குட்டியைப் பார்த்துவிட்டு என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். வந்துகொண்டிருந்த லாரி டயர் தேய நின்றது. லாரிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்கூட இல்லை. லாரிக்காரர் இறங்கி வந்து ஓரமாக உட்கார்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே நின்றேன்.

டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார், பள்ளியில் விசாரித்தார். கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, ஏ.டி.எச்.டி. என்றார். மருந்து எழுதினார். கொஞ்ச நாளில் ஒரு காலை, பம்பரம் தெரு ஓரத்தில் தானாக நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு கடந்தாள். அன்றைக்குத்தான் நான் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். அந்த மருந்து எனக்கு வெறும் மருந்தல்ல. அது அவளை வண்டிச் சக்கரத்துக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிற கை.

மருந்து என்பது ஒரு கேப்ஸ்யூல். உள்ளே கடுகைவிடச் சின்ன மணிகள். பம்பரத்துக்கு அப்படியே விழுங்க வராது, குமட்டும். பிரித்து மசித்த பழத்தின்மேல் தூவிக் கொடுக்கலாம், ஆனால் மணியைக் கடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வேலை அவள் அண்ணனுடையது. ஆபீஸ் போகிறவர்கள் எல்லாம் விடியற்காலையில்தான் வண்டி பழக வருவார்கள். அந்த நேரத்தில் நான் எங்காவது ஒரு முட்டுச் சந்தில் யாருக்காவது வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன். அவர்களுடைய அப்பாவுக்குக் கப்பலில் என்ஜின் வேலை, பாதி நாள் போனே கிடைக்காது. ஆக, தங்கைக்குத் தலை பின்னி, பழம் மசித்து, மருந்து தூவி, பள்ளியில் விடுவது வரை பெரியவன் பொறுப்பு. அவன் அவளை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. அந்த விஷயத்தில் அவன் என் பிள்ளையே இல்லை.

பெரியவன் கணக்காளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். எல்லாத் தாளும் முடித்துவிட்டு ஒரே ஒரு தாளில் இரண்டு முறை கோட்டைவிட்டவன். மூன்றாம் முறைக்கு அவன் படித்த வேகத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "பசிக்கல" என்பான். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. மேஜைக்கு அடியில் முழங்கால் தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டேயிருக்கும். ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்தபோது சமையலறை டப்பாக்களையெல்லாம் உயர வரிசைப்படி அடுக்கிவைத்திருந்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. என் பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று வண்டி பழக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் தட்டுப்பாடு ஆரம்பித்தது. வழக்கமான கடையில், "வரல மேடம்" என்றார்கள். அடுத்த கடையில், "அடுத்த வாரம் பாருங்க" என்றார்கள். அதற்கடுத்த கடையில் சீட்டைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்கள். பம்பரத்தின் மருந்து குதிரைக் கொம்பாகிவிட்டது.

பாடத்தையும் விட முடியாது, மருந்தையும் விட முடியாது. அதனால் பாடத்தையே மருந்துக்கடைகள் வழியாக நடத்தினேன். என் மாணவி ஒருவர், தையல்கார அக்கா, ஓட்டுநர் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்றவர். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னால் நடைபாதைமேல் ஏற்றிவிடுவார். அவரை ஊரிலுள்ள கடைக்கெல்லாம் ஓட்டவைத்தேன். நான் இறங்கி ஓடிப் போய்க் கேட்டுவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "அடுத்த கடைக்கு எந்தப் பக்கம் மேடம்?" என்பார். கடைசியில் எனக்கு மருந்து கிடைத்ததோ இல்லையோ, அவருக்கு வண்டி நிறுத்த நன்றாக வந்துவிட்டது.

ஏன் தட்டுப்பாடு என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கம்பெனியில் மூலப்பொருள் இல்லை என்றார் ஒருவர். சாப்பிடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"படிக்கிற பசங்களும் எப்படியோ வாங்கிடறாங்க மேடம். பரீட்சை வந்தா போதும். தூக்கம் வராதாம், பாடம் தலையில ஏறுமாம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். "யார் வீட்டுத் தறுதலைங்களோ, நோயில்லாம மருந்தைத் திங்குதுங்க. என் பொண்ணு வாயிலேர்ந்து பிடுங்கித் திங்கறதுக்கு சமம் இது. அதுங்களச் சொல்லிக் குத்தமில்ல, பெத்தவங்களச் சொல்லணும். வீட்ல என்ன நடக்குதுன்னே தெரியாம என்னதான் பண்றாங்களோ!"

பெரியவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. எவ்வளவு கவனம் பார், என் சத்தம்கூட அவன் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே இங்கே அலைந்து ஒரு டப்பா, அரை டப்பா என்று வாங்கிவந்தேன். ஒரு நாள் கூட விடாமல் மருந்து போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் பம்பரம் மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். வகுப்பு டீச்சர் போன்மேல் போன் போட்டார். பாடத்தின் நடுவே எழுந்து ஜன்னலில் ஏறுகிறாள், பக்கத்துப் பெண்ணின் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். டாக்டரிடம் போனேன். குழந்தை வளர்கிறாள், இந்த அளவு போதவில்லை போலிருக்கிறது என்று ஒரு படி கூட்டினார். கொஞ்ச நாள் தேவலை. பிறகு பழையபடி. அப்புறம் ஒரு நாள் பள்ளி கேட்டைத் தாண்டிச் சாலைவரை போய்விட்டாள். காவலாளி ஓடிப் போய்ப் பிடித்திருக்கிறார்.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா எங்களால வெச்சுக்க முடியாதுங்க. வேற ஸ்கூல் பாருங்க" என்றார் தலைமை ஆசிரியை.

அன்று வீட்டில் நான் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. "மருந்துக்காக ஊரெல்லாம் நாயா அலையறேன். அதைத் தின்னுட்டும் இப்படி ஆடினா என்னடி அர்த்தம்? வேணும்னே பண்றியா?" கையும் நீட்டிவிட்டேன். முதுகில் பட்டது. அவள் அழவில்லை. பெரியவன்தான் எழுந்து வந்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அவன் கண் கலங்கியிருந்தது. என்ன பாசம் என்று நினைத்தேன். வாயில் ஈ போவது தெரியாமல் நிற்பார்கள் என்பார்களே, அந்த ரகம் நான்.

டாக்டர் இன்னும் ஒரு படி கூட்டி எழுதினார். அந்த அளவு கேப்ஸ்யூலுக்குத் தையல்கார அக்காவும் நானும் ஊரின் அந்தக் கோடிவரை போனோம். பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் இருந்தது. "இதுதான் கடைசி டப்பா" என்று எடுத்துக்கொடுத்தார் கடைக்காரர். நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா இரண்டு பஸ்களுக்கு நடுவில் கச்சிதமாக நிறுத்தியிருந்தார். அன்று நான் அவரைப் பாராட்டியது அவருக்கே பயமாக இருந்திருக்கும்.

மறுநாள் பெரியவனுக்குத் தேர்வு.

பிள்ளை தேர்வுக்குப் போகிற நாளாவது கூட இருப்போமே என்று விடியற்காலைப் பாடங்களைத் தள்ளிப்போட்டேன். அவன் குளிக்கப் போயிருந்தான். பம்பரத்துக்குத் தலை பின்னினேன், பழம் மசித்தேன், புது டப்பாவைப் பிரித்தேன். கேப்ஸ்யூலைத் திருகியதும் மணிகள் கொட்டின. கிண்ணத்தில் அவ்வளவு மணிகளைப் பார்த்துப் பம்பரம் என் முகத்தைப் பார்த்தாள்.

"இவ்ளோவா?"

"டாக்டர் கூட்டியிருக்காரு. கடிக்காம முழுங்கு."

முழுங்கிவிட்டாள். ஈரத் தலையோடு வந்த பெரியவன் கிண்ணத்தைப் பார்த்தான்.

"பம்பரத்துக்கு நான் குடுத்துக்கறேன்மா."

"குடுத்தாச்சு. நீ சாப்பிட்டுக் கிளம்பு."

"முழுசாவா?"

"மருந்துல என்னடா முழுசு, பாதி? முழுசாதான்."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். உதடு உலர்ந்து வெளுத்திருந்தது. துண்டு கையிலிருந்து நழுவியது, எடுக்கவில்லை. தேர்வு பயம் என்று நினைத்து முதுகில் தட்டினேன். "ரெண்டு வாட்டி விழுந்தவனுக்கு மூணாவது வாட்டி என்னடா பயம்?" என்றேன். அவன் என்னவோ சொல்ல வந்தான். கடிகாரத்தைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்டியும் மாட்டாமலும் வெளியே போனான். பம்பரத்தை நானே பள்ளியில் இறக்கிவிட்டேன். துள்ளிக்கொண்டு போனாள்.

தையல்கார அக்கா வண்டியை ஒரு ரவுண்டானாவில் திருப்பிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. வகுப்பு டீச்சர்.

"பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தார். யாராவது அப்படி ஆரம்பித்தால் பயப்படாமல் என்ன செய்வது? "குழந்தைக்கு நெஞ்சு ரொம்ப வேகமா அடிக்குது. கையெல்லாம் நடுங்குது, வாந்தியும் எடுத்துட்டா. ஆம்புலன்ஸ்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கோம். உங்க பையன் கூடப் போயிருக்காரு."

"என் பையனா? அவன் பரீட்சைக்குல்ல போயிருக்கான்?"

"அவர் ஓடி வந்து சொன்னதாலதான் எங்களுக்கே தெரிஞ்சுது. காலையிலேர்ந்து அசையாம உக்காந்திருந்தா. இன்னிக்கு என்ன சமத்துன்னு நாங்க சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தோம்."

அக்காவை நிறுத்தச் சொல்லி இறங்கி, அவர் இடத்தில் உட்கார்ந்தேன். சாவியைத் திருகினேன். வண்டி கிளம்பித் துள்ளி நின்றது. மறுபடி திருகினேன், மறுபடி நின்றது. இத்தனை வருடமாக ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவளுக்குக் கிளச்சை விடத் தெரியவில்லை.

"மேடம், அந்தப் பக்கம் போங்க. நான் ஓட்டறேன்" என்றார் அக்கா.

"உங்களுக்கு லைசென்ஸ் இல்ல."

"அதான் பக்கத்துல நீங்க இருக்கீங்களே. போங்க."

போனேன். அவர் ஓட்டினார். பெரிய சாலையில், லாரிகளுக்கு நடுவில், நெற்றியெல்லாம் வேர்க்க ஓட்டினார். வண்டி முன்னும் பின்னும் குலுங்கிக்கொண்டே போனது. நான் அவரைத் திட்ட வாயெடுத்தேன்.

"மேடம், கால எடுங்க" என்று அவர் கத்தினார். "நீங்க பிரேக்க மிதிச்சுக்கிட்டு இருந்தா நான் எப்படிப் போறது?"

குனிந்து பார்த்தேன். என் இரண்டு கால்களும் பிரேக்கின் மேல் இருந்தன. இரண்டையும் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிவரை அப்படியே போனேன்.

அவசரப் பிரிவு வாசலில் பெரியவன் நின்றிருந்தான். தேய்த்த சட்டை, பையில் ஹால் டிக்கெட். உள்ளே குழந்தை என்ன ஆனாளோ என்று வந்தவளின் வாயில் முதலில் வந்த வார்த்தையைச் சொல்ல எனக்கே கூசுகிறது.

"பரீட்சை?"

"போகல."

"ஏண்டா?"

"பஸ்ல பாதி தூரம் போயிட்டேன். அதுக்கு மேல முடியல. எறங்கி ஸ்கூலுக்கு ஓடினேன். அம்மா, அவ மருந்துல பாதிய நான்தான் எடுத்துக்கிட்டிருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. காதில் விழுந்தது, புரியவில்லை. அதற்குள் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"அம்மா நீங்கதானா? நேத்து வரைக்கும் குழந்தைக்குத் தினம் எவ்வளவு மருந்து போயிருக்கு?"

"ஒரு கேப்ஸ்யூல். முழுசு. ஒரு நாள் கூட விடல" என்றேன், மார்தட்டாத குறையாக.

"இல்ல டாக்டர்" என்றான் பெரியவன். "பாதிதான். சில நாள் பாதிகூட இல்ல. இன்னிக்குத்தான் முழுசு. அதுவும் ரெண்டு தடவை கூட்டினது. இந்த அளவு அவளுக்கு இதுவரைக்கும் போனதே இல்ல."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. வேறொன்றும் கேட்காமல் வேகமாக உள்ளே போனார். நர்ஸை அவர் உரக்கக் கூப்பிடுவது கேட்டது. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. பாதி மருந்தில் அவள் சுற்றினாள். சுற்றுகிறாளே என்று டாக்டர் கூட்டினார். கூட்டியதிலும் பாதி போனது. கடைசியில், கூட்டிக் கூட்டி ஏற்றிய அந்த அளவை அந்தச் சின்ன உடம்புக்குள் முழுதாகக் கொட்டியது என் கை.

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அடித்தேன், கன்னத்திலும் தோளிலும். அவன் ஒதுங்கவில்லை. "வேலியே பயிர மேஞ்சிருக்கேடா! அவ வாயில இருந்து எடுக்க உனக்கு எப்படிடா மனசு வந்துது?" வராண்டாவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்கார அக்கா என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

"முதல்ல கூடப் படிக்கிறவன்கிட்ட வாங்கினேம்மா. அத போட்டா படிப்பு ஓடுச்சு. அப்புறம் எங்கயும் கிடைக்கல, அவன்கிட்டயும் தீந்துபோச்சு. விட்டா புத்தகத்தப் பார்க்கவே முடியல. ஒரே ஒரு நாள்னுதான் எடுத்தேன். பரீட்சை முடிஞ்சதும் விட்டுடலாம்னு..." அவன் சுவரில் சாய்ந்தான். "நீ அவள அடிச்ச அன்னிக்கே சொல்லியிருக்கணும். இன்னிக்குக் காலையிலயும் சொல்லியிருக்கணும்."

சட்டையை விட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்த என் விரல்களுக்குக் கீழே எதுவோ குதித்துக்கொண்டிருந்தது. பயந்த கோழிக்குஞ்சைக் கையில் பிடித்தால் துடிக்குமே, அப்படி. நான் அவனை அடிப்பதை நிறுத்தினேன். அவன் கையைக் காட்டி நர்ஸைக் கூப்பிட்டேன். அவனையும் உள்ளே கூட்டிப் போனார்கள்.

இரண்டு கட்டில்கள். இரண்டு பேர் மார்பிலும் ஒயர்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான். பம்பரத்தின் தலைமாட்டிலிருந்த பெட்டியில் பச்சைக்கோடு மேலும் கீழும் ஓடியது. அவள் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். விரல்கள் போர்வையைப் பிய்த்தன. எந்தச் சாமியைக் கூப்பிடுவதென்று தெரியாமல் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். இவள் மட்டும் நன்றாக எழுந்து வந்தால் போதும், ஜன்னலில் ஏறட்டும், பள்ளியை விட்டு அனுப்பட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றேன்.

மதியத்துக்கு மேல் கோடு மெல்ல அடங்கியது. பெரியவனுக்கு இன்னும் சோதனைகள் எடுக்க வேண்டும், உடம்பு ரொம்ப இளைத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. குழந்தைக்கு இனி ஆபத்தில்லை, இரவு இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். மருந்தைக் குறைந்த அளவிலிருந்து, எங்கள் டாக்டரைக் கேட்டு, முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். அவர் போனபிறகு பம்பரத்தின் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"அண்ணா உன் மருந்துல எடுத்துக்கறான்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையை ஆட்டினாள்.

"அவன் சொல்லக் கூடாதுன்னு சொன்னானா?"

"இல்ல. நான் பார்க்கறது அவனுக்குத் தெரியாது. எடுக்கறப்ப அவன் கை நடுங்கும்மா. பாவமா இருக்கும். நான் வேற பக்கம் திரும்பிப்பேன்."

அடுத்த கட்டிலில் பெரியவன் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

"அப்ப எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி. அன்னிக்கு நான் உன்ன அடிச்சேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

அவள் யோசித்தாள். அவள் ஒரு விஷயத்தை அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை.

"சொன்னா நீ அவனத் திட்டுவியே" என்றாள். "எனக்குத் திட்டு வாங்கிப் பழகிடுச்சும்மா. அண்ணாவுக்குப் பழக்கமில்ல."